பாதிப் படத்தில் ஒலி நின்றுபோனால் யாரிடம் கேட்பது?

இந்த வாரக் கடிதத்தை எழுதியவர் சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் 41 வயதுப் பள்ளி ஆசிரியர். பெயரையும் அடையாளங்களையும் தவிர்த்து, நான்கு பக்கக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பொங்கல் விடுமுறையில் அவர் தம் மனைவி, ஒன்பது வயது மகள், எட்டு மாதக் கைக்குழந்தை, 70 வயதைத் தாண்டிய தந்தை ஆகியோருடன் பக்கத்து மாநகரின் பல திரை வளாகம் ஒன்றுக்குப் படம் பார்க்கச் சென்றிருக்கிறார். தந்தை ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். நீண்ட நாள் சர்க்கரை நோயால் கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டவர். திரையில் நிழலாட்டமாகத் தெரிவதை வசனத்தோடும் பாடலோடும் சேர்த்துப் புரிந்துகொள்வார். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் திரையரங்குக்கு வந்த நாள் அது.

வாசலில் பையைச் சோதித்தவர்கள், தந்தைக்காக வீட்டில் செய்து கொண்டுவந்த சுண்டலையும் முறுக்கையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வைத்துக்கொண்டனர். குழந்தையின் பால் புட்டியையும் பிளாஸ்க்கையும் முதலில் மறுத்து, வாக்குவாதத்துக்குப் பிறகு அனுமதித்தனர். உள்ளே குடிநீர் இயந்திரத்தில் தண்ணீர் வரவில்லை. கேண்டீனில் ஒரு பாட்டில் தண்ணீர் 60 ரூபாய், பாப்கார்ன் 320 ரூபாய். மாலை 6.15 மணி என்று டிக்கெட்டில் அச்சிட்டிருந்த படம், விளம்பரங்கள் முடிந்து 6.40க்குத்தான் தொடங்கியது. முன்வரிசை இளைஞர் ஒருவர் படம் முழுதும் கைபேசி வெளிச்சத்தில் உரையாடிக்கொண்டிருந்தார். இவற்றையெல்லாம் மூன்று பக்கங்களில் விரிவாக எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தியில், இடைவேளைக்குப் பின் ஏறக்குறைய இருபது நிமிடம் அரங்கில் ஒலியே இல்லை என்றும், பார்வையாளர்கள் கத்தியும் எவரும் வரவில்லை என்றும், ஒலி மீண்டபோது விட்ட இடத்திலிருந்து போடாமல் படம் அப்படியே ஓடியது என்றும் குறிப்பிட்டிருக்கிறார். வெளியே வந்ததும் தந்தை சொன்னாராம்: "படம் நல்லாத்தான்டா இருந்திருக்கும் போல."

ஒலியில்லாமல் ஓடிய திரையை எட்டு நிமிடம் கைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கும் அவர் கேட்பவை இவை: அந்தக் காணொளியைத் திரையரங்கின் பெயரோடு சமூக ஊடகத்தில் வெளியிடலாமா? வெளியுணவைத் தடுத்ததற்கும் விலைக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்கலாமா? திரையரங்கு இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டுமா? வழக்கறிஞருக்கு எவ்வளவு செலவாகும்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் வாசிப்பில் முறுக்கும் பாப்கார்னும் விளம்பரமும்தான் கண்ணில் பட்டன. இரண்டாவது வாசிப்பில், நீங்கள் ஒரே பத்தியில் கடந்துபோன அந்த இருபது நிமிடத்தைவிட்டு என்னால் நகர முடியவில்லை. உங்களுடைய குறைகளில் சில சட்டத்தின் முன் நிற்காதவை. சில ஓரளவு நிற்பவை. ஒன்று மட்டும் உறுதியாக நிற்பது. அந்த ஒன்றைக் கடைசிப் பக்கத்தில் வைத்துவிட்டு, நிற்காதவற்றை முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். இந்த வரிசையை மாற்றச் சொல்வதுதான் என் ஆலோசனையின் பெரும்பகுதி.

சுண்டலும் முறுக்கும், பாலும் தண்ணீரும்

ஒரு நண்பர் "எதையும் கொண்டுபோகலாம், நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்றும், இன்னொருவர் "உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் தடுத்துவிட்டது" என்றும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018இல், வெளியுணவைத் திரையரங்குகள் தடுக்கக் கூடாது என உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3 அன்று அந்த உத்தரவை நீக்கியது. திரையரங்கு என்பது உரிமையாளரின் தனிச் சொத்து. உள்ளே எதை அனுமதிப்பது என்ற நிபந்தனையை, பொதுநலனுக்கும் பாதுகாப்புக்கும் மாறாக இல்லாதவரை, அவர் விதிக்கலாம். அந்த நிபந்தனையை ஏற்று உள்ளே வருவதா வேண்டாமா என்பது பார்வையாளரின் விருப்பம் என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. ஆகவே முறுக்கையும் சுண்டலையும் எடுத்து வைத்துக்கொண்டதை மட்டும் காரணமாக வைத்து வழக்குத் தொடுத்தால், எதிர்த்தரப்பு இந்தத் தீர்ப்பை நீட்டும். வழக்கு முதல் நாளிலேயே வலுவிழந்துவிடும்.

அதே தீர்ப்பில் உங்கள் நண்பர்கள் சொல்லாமல் விட்ட இரண்டு செய்திகள் இருக்கின்றன. திரையரங்குகள் சுகாதாரமான குடிநீரை விலையின்றி வழங்க வேண்டும். கைக்குழந்தையோடு வரும் பெற்றோர் குழந்தைக்குத் தேவையான அளவு உணவைக் கொண்டுவரத் தடை இருக்கக் கூடாது. இதற்கும் முன்பே, 2015இல் திரிபுராவிலிருந்து வந்த வழக்கு ஒன்றில், வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதைத் தடுத்துவிட்டு உள்ளே இலவசக் குடிநீர் வைக்காமலிருப்பது முறையற்ற வணிக நடைமுறை எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் கருதியது. உங்கள் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டதும், உள்ளே இயந்திரத்தில் தண்ணீர் வராததும் தனித்தனியே பார்த்தால் சிறியவையாகத் தோன்றலாம். இரண்டும் ஒரே மாலையில், சர்க்கரை நோயாளியான ஒரு முதியவருக்கு நேர்ந்தன என்னும்போது அது புகாருக்கு உரிய குறைபாடாகிறது. பால் புட்டி விஷயத்தில் இறுதியில் அனுமதித்துவிட்டதால், அதைத் தனிக் குறையாக்காமல், வாசலில் உங்களை நடத்திய விதத்துக்குச் சான்றாக ஒரு வரியில் சொன்னால் போதும்.

தந்தையின் சுண்டலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளியின் தின்பண்டத்தை அந்தத் தீர்ப்பு விதிவிலக்காகக் குறிப்பிடவில்லை. மாத்திரையும், சர்க்கரை திடீரெனக் குறைந்தால் உடனே எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸும் மருந்தின் கணக்கில் வருபவை. அவற்றைத் தின்பண்டத்தோடு சேர்த்துப் பறிப்பதை எந்த நிர்வாகமும் நியாயப்படுத்த முடியாது. அடுத்த முறை மருத்துவர் சீட்டின் நகலைப் பையில் வையுங்கள். வாசலில் நிற்கும் ஊழியருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருப்பதில்லை. மேலாளரை அழைக்கச் சொல்லி அவரிடம் பேசுங்கள்.

பாப்கார்ன் விலைக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் இல்லை. 320 ரூபாய் எனக்கும் மனம் ஒப்பாத விலைதான். ஆனால் விலைப்பலகையில் எழுதி வைத்து, ரசீதும் கொடுத்து விற்ற பொருளுக்கு, விலை அதிகம் என்பதற்காக மட்டும் ஆணையம் இழப்பீடு தராது. தண்ணீர் பாட்டிலின் கணக்கு வேறு. அதே நிறுவனத்தின் அதே வகை, அதே அளவுப் பாட்டில் வெளிக்கடையில் 20 ரூபாய் என்றும் திரையரங்கில் 60 ரூபாய் என்றும் அச்சிட்டு வந்திருந்தால், அது பொட்டலப் பொருள் விதிகளுக்கு முரணானதாக இருக்கலாம். ஒரே பொருளுக்கு இரண்டு அதிகபட்ச விலைகளை அச்சிடுவதற்கான தடை 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. திரையரங்குகளில் விற்பவை சில வேளைகளில் வேறு பெயரும் வேறு தரமும் கொண்ட தண்ணீராக இருப்பதுண்டு. அப்படியானால் இந்த வாதம் பொருந்தாது. ஓட்டல்கள் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னதை எதிர்த்தரப்பு துணைக்கு அழைக்கவும் கூடும். பாட்டிலும் ரசீதும் உங்களிடம் இருக்குமானால், தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் தொழிலாளர் துறையின், திரையரங்கு இருக்கும் மாவட்டத்து அலுவலகத்தில் தனியாக ஒரு மனு கொடுங்கள். நுகர்வோர் வழக்கோடு இதைக் கலக்க வேண்டாம்.

இருபத்தைந்து நிமிட விளம்பரம்

பெங்களூருவில் ஒருவருக்கு இழப்பீடு கிடைத்ததாகப் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். 2025 பிப்ரவரியில் அங்குள்ள நுகர்வோர் ஆணையம், ஏறக்குறைய 25 நிமிட விளம்பரத்தால் நேரம் வீணானதாகப் புகார் செய்தவருக்கு மன உளைச்சலுக்காக 20,000 ரூபாயும் செலவுக்காக 8,000 ரூபாயும் தர உத்தரவிட்டது உண்மை. நுகர்வோர் நல நிதிக்கு ஒரு லட்சம் ரூபாய் செலுத்தவும், படம் தொடங்கும் உண்மையான நேரத்தை டிக்கெட்டில் குறிப்பிடவும் கூடச் சொன்னது. ஆனால் அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒரு தனிமனிதரின் புகாரைப் பொதுநல வழக்கைப்போல் ஆணையம் கையாண்டிருக்கிறது என்பது உயர் நீதிமன்றத்தின் பார்வை. தடை விதிக்கப்பட்ட, வேறு மாநிலத்து மாவட்ட ஆணையத்தின் உத்தரவு நம் மாவட்ட ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. புகையிலை எச்சரிக்கை போன்றவை சட்டப்படி காட்டியாக வேண்டியவை என்பதால், அந்த 25 நிமிடம் முழுவதையும் வணிக விளம்பரமாகக் கணக்கிடவும் முடியாது. டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கும் படம் தொடங்கிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒரு வாக்கியத்தில் பதிவு செய்யுங்கள். அதன் மேல் வழக்கை எழுப்பாதீர்கள்.

டிக்கெட் விலையோடு நீங்கள் கூடுதலாகச் செலுத்திய இணைய முன்பதிவுக் கட்டணமும் வழக்குக்கு உதவாது: பணம் செலுத்தும் முன் தொகையைக் காட்டி, நீங்கள் ஒப்புக்கொண்டு செலுத்தியது. முன்வரிசை இளைஞரின் கைபேசிக்குத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஊழியரை அழைத்துச் சொல்வதே வழி.

ஒலியில்லாத இருபது நிமிடம்

சிறு வயதில் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவன் நான். படச்சுருள் அறுந்தாலோ ஒலி நின்றாலோ கூட்டம் முழுதும் பின்னால் திரும்பி ஆபரேட்டரைக் கூப்பிடும். அவரும் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, விளக்கைப் போட்டு, சுருளை ஒட்டிவிட்டு மீண்டும் ஓட்டுவார். கூப்பிட்ட குரலுக்கு அங்கே ஒரு மனிதர் இருந்தார். இன்றைய பல திரை வளாகங்களில் படம் கோப்பாகச் சர்வரில் இருக்கிறது. காட்சி அட்டவணைப்படி தானே தொடங்கித் தானே முடிகிறது. திரைக்கு ஒருவர் என்று படம் ஓட்டும் அறையில் ஆள் இருப்பது அரிதாகிவிட்டது. ஒலி தனிக் கருவிகளின் வழியே செல்வதால், அவற்றில் ஒன்று பழுதானால் படம் ஊமையாக ஓடிக்கொண்டே இருக்கும். எவரும் வந்து பார்க்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதே தொழில்நுட்பம்தான் உங்கள் வாதத்துக்கும் வலுச் சேர்க்கிறது. சர்வரில் ஓடும் படத்தை நிறுத்தி, விட்ட நிமிடத்துக்குப் பின்னோக்கிச் சென்று மீண்டும் தொடங்குவது சுருள் காலத்தைப்போல் கடினமான வேலை அன்று. கருவி பழுதாவது எவர் கையிலும் இல்லை என்று நிர்வாகம் சொல்லலாம். அதை ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் பழுது தெரிந்த பிறகு படத்தை நிறுத்தாததும், விட்ட பகுதியை மீண்டும் போடாததும், பணத்தைத் திருப்பித் தரவோ வேறு காட்சிக்கு அனுமதிக்கவோ முன்வராததும், கூப்பிட்டும் ஆள் வராததும் நிர்வாகத்தின் செயல்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சேவைக் குறைபாடு என்று சொல்வது இதைத்தான். நீங்கள் விலை கொடுத்து வாங்கியது ஒளியும் ஒலியும் சேர்ந்த ஒரு முழுப் படம்.

உங்கள் தந்தைக்கு நேர்ந்த இழப்பு மற்றவர்களின் இழப்பைவிடப் பெரியது. மற்றவர்கள் அந்த இருபது நிமிடம் ஊமைப்படம் பார்த்தார்கள். அவருக்கோ படமே நின்றுபோயிற்று. இதை இரக்கம் கோரும் தொனியில் எழுதாமல், அளவிடக்கூடிய ஓர் உண்மையாக எழுதுங்கள். கண் மருத்துவரின் அறிக்கையை இணையுங்கள். பார்வைக் குறைபாட்டுக்கான மாற்றுத்திறனாளி சான்றுக்கு அவர் தகுதியுடையவரா என்பதையும் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் பாதுகாப்புகள் பலவற்றுக்கு அந்தச் சான்றே நுழைவாயில். பார்வையற்றோரும் செவித்திறன் குறைந்தோரும் திரையரங்கில் படம் பார்ப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டிருக்கிறது. திரையில் நடப்பதை வசனங்களுக்கு இடையே குரலில் விவரிக்கும் ஒலி விவரிப்பு அதன் முக்கியமான பகுதி. அடுத்த முறை டிக்கெட் எடுக்கும் முன், அந்தப் படத்துக்கு இந்த வசதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் எடுத்த காணொளி

இங்கே உங்களைக் கொஞ்சம் கண்டிப்போடு தடுக்கிறேன்: அந்த எட்டு நிமிடக் காணொளியை எங்கும் வெளியிடாதீர்கள், உறவினரின் வாட்ஸ்அப் குழுவுக்குக்கூட அனுப்பாதீர்கள். ஒளிப்பதிவுச் சட்டத்தில் 2023இல் செய்யப்பட்ட திருத்தம், உரிமம் பெற்ற திரையரங்குக்குள், படத்தின் அல்லது அதன் ஒரு பகுதியின் திருட்டுப் பிரதியை உருவாக்கும் நோக்கத்தோடு பதிவுக் கருவியைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது. குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறை. அபராதம் குறைந்தது மூன்று லட்சம் ரூபாய், மேல் வரம்பு படத்தின் தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு. உங்கள் நோக்கம் திருட்டு அன்று, பழுதுக்குச் சான்று தேடியதே என்பதில் எனக்கு ஐயமில்லை. சட்டமும் நோக்கத்தைப் பார்க்கவே செய்யும். ஆனால் புதிய படத்தின் எட்டு நிமிடத்தைச் சமூக ஊடகத்தில் ஏற்றிய பிறகு, உங்கள் நோக்கத்தை நீங்களே மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவீர்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவராக நிற்பதற்கு நியாயமே இல்லை. காணொளியை அழிக்கவும் வேண்டாம், பகிரவும் வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அதைத் தாக்கல் செய்வதா என்பதை, கைபேசியையே நேரில் பார்க்கும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு முறை கேட்டு முடிவு செய்யுங்கள்.

அதுவல்லாமலே உங்களிடம் போதிய சான்று இருக்கிறது. டிக்கெட், கேண்டீன் ரசீது, அன்றிரவே திரையரங்கின் வாடிக்கையாளர் முகவரிக்கு நீங்கள் அனுப்பியதாகச் சொல்லும் மின்னஞ்சல், பக்கத்து இருக்கையில் இருந்து உங்களோடு சேர்ந்து குரல் கொடுத்த தம்பதியின் தொலைபேசி எண் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அந்தத் தம்பதி ஓர் உறுதிமொழிப் பத்திரம் தந்தால், அது எட்டு நிமிடக் காணொளியைவிட உறுதியாக நிற்கும். திரையரங்கின் பெயரைச் சொல்லிப் பதிவு எழுதுவது குறித்தும் கேட்டிருந்தீர்கள். நடந்ததை நடந்தபடி எழுத உங்களுக்கு உரிமை உண்டு. "கொள்ளையர்", "மோசடிக்காரர்" போன்ற சொற்கள் நுழைந்தால் அவதூறு வழக்குக்கு வழி திறந்துவிடும். புகார் நிலுவையில் இருக்கும்போது எழுதாமலிருப்பதே நல்லது.

எங்கே, எப்படி?

முதலில் திரையரங்கு நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதத்தை விரைவஞ்சலில் அனுப்பி, பதிலுக்குப் பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். இது சட்டக் கட்டாயம் அன்று. ஆனாலும் முதலில் அவர்களிடம் கேட்டேன், பதில் இல்லை என்று சொல்ல முடிவது ஆணையத்தில் உங்கள் பக்கத்தை நேர்மையாகக் காட்டும். அதே வாரத்தில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல சிறு தகராறுகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. குடிநீர் இயந்திரம் குறித்து, மாவட்டத்தில் திரையரங்குகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரியான ஆட்சியருக்கு ஒரு நகல் அனுப்பலாம். சென்னை மாநகரில் அந்தப் பொறுப்பு காவல் ஆணையருடையது; உங்களுடையது ஆட்சியரிடம் செல்ல வேண்டியது.

இவற்றில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். திரையரங்கு இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்ற உங்கள் எண்ணம் பழைய சட்டத்திலிருந்து வந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, மேலே சொன்ன 2019ஆம் ஆண்டுப் புதிய சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம், இணையவழியிலும் செய்யலாம். சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்பதால் ஆணையக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை; தமிழில் நீங்களே எழுதி, நீங்களே வாதாடலாம். ஆசிரியரான உங்களுக்கு அது கடினமாக இருக்காது. நிகழ்வு நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அதைவிட நீளும் என்று எண்ணியே தொடங்குங்கள்.

ஐந்து லட்சம் கேட்காதீர்கள். நான்கு டிக்கெட்டுகளின் தொகையையும், தந்தைக்கும் குடும்பத்துக்கும் நேர்ந்த மன உளைச்சலுக்கு மிதமான ஒரு தொகையையும், வழக்குச் செலவையும் கேளுங்கள். கேட்கும் தொகை நியாயத்தை மீறினால், ஆணையத்தின் கவனம் உங்கள் குறையிலிருந்து உங்கள் நோக்கத்தின் பக்கம் திரும்பிவிடும். பணத்தோடு இன்னொன்றும் கேளுங்கள்: ஒலியோ ஒளியோ தடைபட்டால் படத்தை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கும், அழைத்தால் வரக்கூடிய ஓர் ஊழியரை ஒவ்வொரு காட்சியிலும் வைப்பதற்கும் நிர்வாகம் எழுத்தில் உறுதி தர வேண்டும். ஆணையம் தகராறை மத்தியஸ்தத்துக்கு அனுப்பினால் மறுக்காமல் போங்கள். உங்கள் தந்தை மறுபடியும் அங்கே படம் பார்க்க வர விரும்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு உகந்த இடம் மத்தியஸ்த மேசைதான்.

புகார் மனுவின் முதல் பத்தியில் முறுக்கு வேண்டாம், பாப்கார்னும் வேண்டாம். என் தந்தை காதால் கேட்டே படம் பார்ப்பவர் என்று தொடங்குங்கள். அடுத்த வரியில் ஒலி நின்ற நேரத்தையும் மீண்ட நேரத்தையும் எழுதுங்கள். மூன்றாவதாக, கூப்பிட்டும் எவரும் வரவில்லை என்பதை. தண்ணீர் அதற்குப் பிறகு வரட்டும். தந்தையின் வாக்குமூலத்தையும் ஒரு பக்க உறுதிமொழிப் பத்திரமாக இணையுங்கள். வெளியே வந்ததும் அவர் உங்களிடம் சொன்ன அந்த வாக்கியத்தைத் திருத்தாமல், அவர் பேச்சிலேயே அதில் எழுதுங்கள்.